கெபுனுக்குக் கொடுத்த சீலை

எட்டாம் மாடிக்காரரே, பதினோராம் மாடிக்காரரே, லிஃப்ட் பழுதான நாட்களில் படிக்கட்டு முழுவதும் கத்திக்கொண்டு ஓடிய என் சோட்டுப் பிள்ளைகளே, எல்லாரும் சுகமா? பிள்ளைகள் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். போன கிழமை நம் வாட்ஸப் குழுவில் முழங்கால் வலிக்கு என்ன பூசலாம் என்பதைப் பற்றித்தான் நீங்கள் முழுநாளும் கதைத்தீர்கள். அதற்கு நடுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். டோர்செட் பார்க்கில் நம் கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் வருகிற ஹைட்ரோ வெளி. அதே இராட்சத மின்கம்பங்கள், அதே கம்பிகள், கீழே வெறும் புல். "இங்கைதானே உன்ரை பெரியப்பான்ரை தோட்டம் இருந்தது?" என்று கேட்டு, பக்கத்தில் கண்ணடிக்கிற மஞ்சள் முகம் ஒன்றும் போட்டிருந்தார்.

அந்தக் கண்ணடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கதையின் முதல் பாதிதான் உங்களிடம் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. மிச்சப் பாதியை நான் சொல்கிறேன். மூன்றாம் மாடி அன்ரியின் மகளும் இந்தக் குழுவில் இருக்கிறாள். நீ கோவிக்காதே, அம்மாவைப் பற்றி உள்ளதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் ஊரிலிருந்து கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு படுக்கையறை வீட்டில் அப்பா, அம்மா, நான், வரவேற்பறைச் சோபாவில் பெரியப்பா. அப்பாவின் அண்ணா அவர். பின்னேரங்களில் ஒரு பேக்கரித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். வந்தால் அவருடைய சட்டையிலிருந்து பாண் வாசம் வரும். அவருடைய சாரம் சோபாவின் கைப்பிடியில் மடித்தபடி கிடக்கும். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. பெரியம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி விசாவுக்காகக் காத்திருந்தார். வசந்தத்தில் வருவார் என்றார்கள், பிறகு கோடை என்றார்கள்.

பெரியப்பா பிறந்தது மலாயாவில். அவருடைய தகப்பன் அங்கே ரயில்வேயில் கிளார்க். பத்து வயதில் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவர். அப்பா அதற்குப் பிறகு ஊரில் பிறந்தவர், மலாயாவைக் கண்ணால் கண்டதில்லை. அந்த நாட்டிலிருந்து பெரியப்பா கொண்டுவந்ததில் கடைசிவரை மிஞ்சியது ஒரு சொல்தான் என்று அம்மா சொல்வார். வீட்டின் பின்வளவை அவர் தோட்டம் என்று சொல்லமாட்டார், கெபுன் என்பார். பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில் சிரித்தாராம். பிறகு அவருக்கும் அதுவே வாயில் ஒட்டிவிட்டது. வாசலில் யாராவது கூப்பிட்டால், "கெபுனுக்கை நிக்கிறன், வாறன்" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பாராம். ஊரில் அந்தச் சொல்லைப் பாவித்தது அவர்கள் இரண்டு பேரும்தான்.

அப்பாவுக்கு அந்தச் சொல்லில் ஒரு சொந்தம் கொண்டாட வேண்டியிருந்தது. உலகத்தில் எந்தச் சொல்லும் தமிழிலிருந்து புறப்பட்டதாக இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். உங்கள் அப்பாக்களும் அப்படித்தான், இல்லையென்று சொல்லாதீர்கள்.

"கடையை அவங்கள் கெடாய் எண்டுறாங்கள். கப்பலைக் கப்பால் எண்டுறாங்கள். எல்லாம் எங்கடை. உது காப்பு வனம். காப்பு வனம், காவனம், கெபுன். விளங்குதே?" என்று சாப்பாட்டு மேசையில் விளக்குவார்.

பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடி, "எனக்குத் தெரியாது தம்பி. அங்கை எல்லாரும் சொன்னவை, நானும் சொன்னன்" என்பார்.

அப்பாவின் காப்பு வனத்தை நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். போன வருடம்தான், நான் இப்போது இருக்கிற மார்க்கம் நகரில் என் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் இந்தோனேசியச் சிநேகிதியிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அகராதியையும் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அரபியிலிருந்தோ சமஸ்கிருதத்திலிருந்தோ போர்த்துக்கேயத்திலிருந்தோ வந்ததாக அதில் ஒன்றும் இல்லையாம். தமிழும் இல்லையாம். அந்தத் தீவுகளின் பழைய சொல், ஜாவாக்காரர் கெபொன் என்பார்களாம். கடையும் கப்பலும் நம்மிடமிருந்து போனது உண்மைதானாம். ஆனால் நாம் தினமும் அரைத்துத் தின்கிற சம்பலும், பெரியப்பா உடுத்த சாரமும் அவர்களிடமிருந்து வந்தவையாம். அப்பா இதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அவர்களுக்குத் தோட்டத்துக்கு இரண்டு சொல் உண்டு. தாமான் என்றால் அழகுக்கு. போய் உட்காரலாம், நடக்கலாம், படம் எடுக்கலாம். மலேசியாவில் புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகளுக்கெல்லாம் தாமான் என்றுதான் பெயர் வைப்பார்களாம். கெபுன் அப்படியல்ல. நட்டு, தண்ணி விட்டு, பூச்சி பார்த்து, காய் பறிக்கிற இடம் கெபுன். "உன் வீட்டு முன்னால் இருக்கிறது தாமான்," என்று என் புல்தரையைக் கைபேசிப் படத்தில் பார்த்துச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

சரி, கதைக்கு வருகிறேன். இபுவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்பதாம் மாடியில் மகனோடு இருந்தவர், தலைக்கு முக்காடு போட்டவர், கட்டையான, உருண்டை முகக்காரி. மகன் லொறி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இபுவுக்கு ஆங்கிலம் தெரியாது. நாம் சந்தியில் கண்டால், "இபு அன்ரி" என்று கூப்பிட்டுவிட்டு ஓடுவோம். இபு என்றால் அவர்கள் மொழியில் அம்மா, மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவது என்று அப்போது நமக்குத் தெரியாது. அம்மா அன்ரி என்று கூப்பிட்டிருக்கிறோம்.

அவரும் பெரியப்பாவும் கதைக்கத் தொடங்கியது கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கிற அறையில். மெசினுக்குள் சிக்கிய சாரத்தை இழுத்தபடி பெரியப்பா மலாயில் ஏதோ முணுமுணுத்திருக்கிறார். இபு திரும்பிப் பார்த்து அதே மொழியில் பதில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பெரியப்பா மேலே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கு நன்றாக இருக்கிறது. ஈர உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்தபடி, "அந்த மனுசிக்குக் கெபுன் எண்டால் விளங்குது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "அப்பிடியே அத்தான்" என்றுவிட்டு வெங்காயம் வெட்டினார்.

அந்த ஏப்ரலில் பெரியம்மா கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்தனுப்பினார். ஒடியல் மா, வேப்பம்பூ வடகம், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் சுற்றியிருந்தது பெரியம்மாவின் பழைய நூல் சீலை ஒன்று, நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அதன் முந்தானை மூலையில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் கத்தரி விதையும் பயித்தங்காய் விதையும். பெரியப்பா சோபாவில் இருந்து முடிச்சை நகத்தால் மெல்ல அவிழ்த்தார். "எங்கடை கிணத்தடிக் கத்தரி" என்றார். யாரும் கேட்கவில்லை, தானாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சன்னல் கட்டுகள் முழுவதும் பால் பைகள் வந்தது அப்போதுதான். இந்த ஊரில் பால் பையில் வரும் அல்லவா, அந்தப் பைகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி விதை போட்டார். பள்ளிக்கூடத்தால் வந்தால் வீட்டுக்குள் ஈரமண் வாசம் அடிக்கும். வெளியில் பனி உருகி ஓடிக்கொண்டிருக்கும். மே மாதம் முடியும்போது அவரும் இபுவும் ஹைட்ரோ வெளியில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தினார்கள். அந்தக் காலத்தில் அங்கே கொத்தியவர்கள் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. இத்தாலிக்காரர் ஒருவர் தக்காளி போட்டிருந்தார், சீனப் பாட்டி ஒருத்தி பூண்டு. எங்கள் ஆட்கள் பெரியப்பாவைத் தவிர ஒருவரும் இல்லை. கனடாவுக்கு வந்தும் மண்வெட்டி பிடிப்பதா என்ற எண்ணம்தான்.

மீன் தலை விவகாரம் உங்களுக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். பிளாசாவில் இருந்த தமிழ் மீன்கடையில் கழித்துப் போடும் தலைகளைப் பெரியப்பா பையில் வாங்கிவந்து லிஃப்டில் கொண்டுபோவார், பசளைக்கு. மூன்று நாளைக்கு லிஃப்டுக்குள் மூச்சு விட முடியாது. புதைத்த தலைகளை இரவில் ரக்கூன் என்கிற இந்த ஊர்க் காட்டுப் பிராணிகள் தோண்டி எடுத்து, காலையில் பார்த்தால் நிலமெல்லாம் தலை. பெரியப்பா அதைப் பார்த்து ஏதோ சொல்ல, இபு மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடைபாதையில் வந்த நம் கட்டடத்து ஆட்கள் அந்தச் சிரிப்பைக் கண்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

தலை நரைத்த கல்யாணமான மனுசன், முக்காடு போட்ட விதவைப் பெண், இரண்டு பேரும் யாருக்கும் விளங்காத மொழியில் கதைத்துச் சிரிக்கிறார்கள். இங்கிலீசில் கதைத்திருந்தால் பாதிக் குற்றம்தான் ஆகியிருக்கும். விளங்காத மொழியில் என்ன கதைப்பார்கள் என்று மூன்றாம் மாடி அன்ரிக்கு நித்திரை வரவில்லை.

என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அவர்கள் கதைத்ததில் சில சொற்களை நாம் விளையாட்டுக்குச் சொல்லித் திரிவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஹூஜான், சாச்சிங், செமுட். அவற்றை என் சிநேகிதியிடம் சொல்லிக் காட்டினேன். மழை, மண்புழு, எறும்பு. பிறகு அவள் என்னிடம், உன் பெரியப்பா அந்த ஊரை விட்டு வரும்போது என்ன வயது என்று கேட்டாள். பத்து என்றேன். "அப்படியானால் அவர் கதைத்தது சின்னப் பையனின் மலாய் மொழியாகத்தான் இருந்திருக்கும்," என்றாள். நரைத்த தலையோடு ஒருவர் பத்து வயதுப் பையனைப் போலக் கதைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பசி, மழை, விழுந்துவிட்டேன், எறும்பு கடிக்கிறது. அந்த மொழியில் ஒரு பெண்ணோடு சரசம் பேசுவதற்குப் பெரியப்பாவிடம் ஒரு சொல்கூட இருந்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

ஜூலையில் பயித்தை கொடி ஓடியது. பெரியப்பா அந்தப் பழைய சீலையைக் கிழித்துத் துண்டு துண்டாக எடுத்துப்போனார், கொடியைத் தடியில் கட்டுவதற்கு. பிளாஸ்ரிக் கயிறு கொடியை அறுக்கும், நூல் சீலை அறுக்காது. பாதித் துண்டுகள் இபுவின் கையில் இருந்தன. மூன்றாம் மாடி அன்ரி வேலையால் வரும்போது அதைக் கண்டார்.

முதலில் அவர் அம்மாவிடம் வந்து சொன்னது, "உவளின்ரை கையிலை எங்கடை சீலைத்துண்டு கிடக்குது" என்பது. அடுத்த கிழமை கோயிலில் அது, அண்ணை அவளுக்குச் சீலை ஒன்று கொடுத்திருக்கிறார் என்று ஆனது. அதற்கடுத்த கிழமை அது பட்டுச்சீலை. உங்கள் பிள்ளைகளுக்கு இதன் பாரம் விளங்காது, நமக்குத் தெரியும். ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குச் சீலை கொடுத்தான் என்றால் நம்மில் அதற்கு என்ன அர்த்தம்? தாலிக்கு அடுத்தபடி அதுதானே.

அப்பா கேட்ட அன்று சனிக்கிழமை. பெரியப்பா கையில் மண்ணோடு உள்ளே வந்தார். அப்பா கதவை மூடக்கூட விடவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். அந்தப் பொம்பிளைக்குச் சீலை குடுத்தனீங்களோ, இல்லையோ?"

பெரியப்பா நிமிர்ந்தார். "என்னட்டையோ உப்பிடிக் கேக்கிறாய்?"

"குடுத்தனீங்களோ?"

"ஓம், குடுத்தனான். நாளைக்கும் குடுப்பன்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. மனுசன் இன்னும் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பயித்தங்கொடிக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தன் கையால் தூக்கி வளர்த்த தம்பி அப்படிக் கேட்ட பிறகு அவருக்கு வாய் திறக்க மனமில்லை. மானம் போனால் வாயைப் பூட்டிக்கொள்கிற ஆள் அவர். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அடங்கவே பல வருடம் எடுத்தது.

பெரியம்மா வரமுன்னம் ஆளை அந்தப் பெண்ணிடமிருந்து பிரித்துவிட வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார். மொன்றியலில் இருந்த ஒரு உறவினரிடம் சொல்லி வேலை பார்த்தார். ஓகஸ்ட் கடைசியில் பெரியப்பா பஸ் ஏறினார். போவதற்கு முதல்நாள் விடிய ஹைட்ரோ வெளிக்குப் போய்வந்தார். வந்து கையைக் கழுவிவிட்டுச் சோபாவில் கிடந்த தன் போர்வையை ஒழுங்காக மடித்து வைத்தார். சன்னல் கட்டில் மிச்சம் இருந்த பால் பைகளை அம்மா குப்பையில் போட்டார். வீட்டில் அந்த ஈரமண் வாசம் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவர் போன பிறகும் இபு தனியே அங்கே போய்வந்தார். ஒக்டோபரில் குளிர் இறங்கியபோது, கட்டில் விரிப்புகளைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அவர் நடந்து போவதை நான் பல்கனியிலிருந்து கண்டேன். "வெளியிலை படுக்கப் போறாளோ?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள்.

பெரியம்மா வந்தது அந்த நாட்களில்தான். அவர் வரமுன்னமே கதை அவரிடம் போய்விட்டது. மூன்றாம் மாடி அன்ரியின் தங்கை வெள்ளவத்தையில் இருந்தாள், ரெலிபோனில் அக்காவிடம் கேட்டதையெல்லாம் போய்ச் சொல்லிவிட்டாள். எயார்போட்டுக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். பெரியப்பா மொன்றியலிலிருந்து நேரே வந்து, பெரியம்மாவுக்கென்று வாங்கிய தடித்த கோட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றார். பெரியம்மா அவரைத் தாண்டி வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, அந்தக் கோட்டை வாங்கித் தாங்கோ" என்றார்.

அப்பா பெரியப்பாவின் கையிலிருந்து வாங்கிக் கொடுக்க, பெரியம்மா அதைப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் பெரியம்மா படுக்கையறையை விட்டு வரவில்லை. பெரியப்பா வரவேற்பறையில் கதிரையில் இருந்தார். அம்மா இரண்டு இடத்துக்கும் தேத்தண்ணி கொண்டுபோனார். மூன்றாம் நாள் பெரியம்மா வெளியில் வந்து, பெட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை என்றும், திரும்பிப் போக ரிக்கெற் போடச் சொல்லியும் அப்பாவிடம் சொன்னார்.

"மச்சாள், ஊரிலை ஷெல் விழுது. எங்கை போகப் போறியள்?"

"ஷெல் விழுந்தால் ஒருக்காத்தான் சாவு. இஞ்சை இருந்தால் நாளும் பொழுதும்."

அப்பாவின் முகம் வெளிறியதை அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டேன். ஆளைப் பிரித்தால் எல்லாம் சரியாகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். இப்போது அண்ணி சண்டைக்குள் திரும்பிப் போகிறேன் என்கிறார், அண்ணன் வாய் திறக்கிறார் இல்லை. பெரியம்மா கோட்டை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டார்.

"போகமுன்னம் அவளை ஒருக்காப் பாக்கவேணும். பிள்ளை, எனக்கு வழி காட்டு."

பிள்ளை என்றது என்னை. அம்மா பின்னாலேயே ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் அப்பா. லிஃப்டில் கீழேயிருந்து ஏறி வந்த மூன்றாம் மாடி அன்ரியும் ஒன்பதாம் மாடியில் எங்களோடு இறங்கிக்கொண்டார். தற்செயலாகத்தான் என்று அவர் சொன்னார்.

இபு கதவைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். பெரியம்மாவுக்கு இபுவின் மொழி தெரியாது, இபுவுக்குத் தமிழும் தெரியாது இங்கிலீசும் தெரியாது. திட்டுவதற்குக்கூட ஒரு பொது மொழி இல்லை. இபுவின் கண் பெரியம்மாவின் சீலையில் போய் நின்றது. பிறகு அவர் முகம் மலர்ந்தது. பெரியம்மாவைக் காட்டி ஏதோ சொன்னார். பெரியம்மா அசையவில்லை. இபு யோசித்தார். தன் நெஞ்சில் கை வைத்து, பிறகு அதே கையைப் பெரியம்மாவின் பக்கம் நீட்டி, ஒரு சொல் சொன்னார்.

"கெபுன்."

பெரியம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அம்மாவின் கையை எட்டிப் பிடித்தார். "என்ரை வீட்டுச் சொல்லையும் இவளுக்குக் குடுத்திட்டாரே" என்றார் மெல்ல. எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி நடக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் இபு அதற்குள் சப்பாத்தைப் போட்டுவிட்டார். பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "கெபுன், கெபுன்" என்று சொல்லிக்கொண்டே இழுத்துப் போனார். பெரியம்மா ஏன் இழுபட்டுப் போனார் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஊரில், வந்து மூன்றாம் நாள், அவருக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான். அதுதான் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஹைட்ரோ வெளியில் எல்லாருடைய செடியும் பனியில் கருகிக் கிடந்தது. இத்தாலிக்காரரின் தக்காளி கரிக்கட்டையாக நின்றது. ஒரு துண்டில் மட்டும் கட்டில் விரிப்புகள் போர்த்து, நான்கு பக்கமும் செங்கல் வைத்திருந்தது. இபு குனிந்து செங்கல்லைத் தள்ளி, விரிப்பை ஓரமாகச் சுருட்டினார்.

உள்ளே கத்தரிச் செடிகள். இலை வாடியிருந்தாலும் உயிர் இருந்தது. ஒவ்வொரு செடியிலும் ஒரு காய் மட்டும் முற்றிப் பழுத்து மஞ்சளாகத் தொங்கியது. ஒவ்வொரு காம்பிலும் நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட ஒரு சீலைத்துண்டு கட்டியிருந்தது.

பெரியம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். காயைத் தொட்டார். "உது கிணத்தடிக் கத்தரி" என்றார். பிறகு துண்டைப் பிடித்து விரலால் நீவினார். "உது என்ரை பழஞ்சீலை. விதை முடிஞ்சு விட்ட சீலை."

"உந்தச் சீலையைத்தான் அக்கா நானும் கண்டனான்" என்றார் மூன்றாம் மாடி அன்ரி.

பெரியம்மா குந்தியபடியே தலையைத் திருப்பினார். "தங்கச்சி, நீர் தோட்டம் செய்த ஆக்களோ?"

"இல்லை அக்கா. எங்கடை ஐயா கொழும்பிலை கந்தோர் உத்தியோகம்..."

"தோட்டம் செய்த ஆக்களெண்டால் தெரிஞ்சிருக்கும். விதைக்கு விடுற காயிலை சீலைத்துண்டு கட்டிறது. ஆரும் பிடுங்கக் கூடாதெண்டு."

இபுவுக்குக் கதை விளங்கவில்லை, ஆனால் துண்டைக் காட்டிப் பெரியம்மாவின் தோளைத் தொட்டார். பிறகு மொன்றியல் எந்தப் பக்கம் என்று அவர் நினைத்தாரோ அந்தப் பக்கம் கையைக் காட்டி, காயைக் காட்டி, திரும்பவும் பெரியம்மாவைக் காட்டினார். கட்டிவிட்டுப் போனது அவர், காத்து வைத்தது நான், காய் உனக்கு. மொழி தெரியாத எனக்கே அது விளங்கியது.

அப்பா கம்பத்தடியில் நின்றபடி, "அண்ணை ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் கேட்ட விதத்துக்கு அந்த மனுசன் என்னத்தைச் சொல்லும்?" என்றார் பெரியம்மா. பிறகு, "நானும் நம்பினன்தானே. முப்பது வருசம் கூட இருந்திட்டு நானும் நம்பினன்" என்றார். அப்போதுதான் அழுதார். இபு தன் முக்காட்டின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா அதே கதிரையில் இருந்தார். பெரியம்மா போய் அவருக்கு முன்னால் நின்றார். கோட்டில் மண் ஒட்டியிருந்தது. பெரியப்பா அந்த மண்ணைப் பார்த்தார்.

"காய் பழுத்திட்டுதே?" என்று கேட்டார்.

"ஓம். மஞ்சளா நிக்குது. நாளைக்குப் பிடுங்கலாம்."

அந்த இரண்டு பேரும் அந்த விசயத்தைப் பற்றிக் கதைத்தது அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் இல்லை. அம்மா அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டார், பெரியப்பா பெட்டியைத் தூக்கி அறைக்குள் வைத்தார், பெரியம்மா பூட்டைத் திறந்தார்.

நீங்கள் யாரும் அறியாத பாதி இதுதான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை பெரியம்மா தலை முழுகி, கனடாவில் உடுக்கவென்று கொழும்பில் வாங்கிவந்த புதுச்சீலையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், மேலே சீலை. என்னையும் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். இபு இருந்தது ஒன்பதில். பெரியம்மா மூன்றை அமத்தச் சொன்னார். பெரியம்மாவுக்கு வழி தெரியவில்லை என்று நினைத்து, ஒன்பது என்று நான் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மோனை. நீ மூண்டை அமத்து."

மூன்றாம் மாடியில் இறங்கி, அன்ரியின் கதவைத் தட்டினார். அன்ரி திறந்து தட்டைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார்.

"தங்கச்சி, மேலை அந்த மனுசிக்குச் சீலை குடுக்கப் போறன். ஆரும் கேட்டால் சொல்லும், சீலை குடுத்தது நான் எண்டு."

பிறகு திரும்பி லிஃப்டில் ஏறி, ஒன்பதுக்குப் போனோம். இபு அந்தச் சீலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. தட்டு வெறுமையாகத் திரும்பி வரவில்லை, இபு கிண்டிய தொதல் இனிப்பு நிறைந்து வந்தது. பெரியப்பா மொன்றியலுக்குத் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் மூன்று பேராகத்தான் கொத்தினார்கள். பெரியம்மாவுக்குக் கடைசிவரை இபுவின் மொழியில் ஒரே சொல்தான் தெரியும், ஆனாலும் இரண்டு பேரும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். பிறகு இபு மகனோடு மேற்கே போனார். பெரியப்பா போனார், பெரியம்மாவும் போனார். அந்தத் துண்டு நிலம் நீங்கள் போட்ட படத்தில் புல்லாக இருக்கிறது.

மூன்றாம் மாடி அன்ரியின் மகளே, உன் அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனார், வெட்கப்படாமல் கேட்டு வாங்குவார். நாற்று வளர்க்கவும் கடைசியில் பழகிவிட்டார். எனக்கு அவரில் கோபம் இல்லை.

போன வருடம் என் சிநேகிதி சுருக்கென்று சொன்ன பிறகு, வீட்டுப் பின்பக்கப் புல்லில் ஒரு மூலையைக் கொத்தினேன். கிணத்தடிக் கத்தரியை அம்மா வருடாவருடம் தொட்டியில் வளர்த்து விதையைக் காப்பாற்றி வைத்திருந்தார். முளைத்தது. என் மகன் சன்னலால் பார்த்து, "அம்மா, why is there a rag on that one?" என்று கேட்டான். பிடுங்காதே என்று மட்டும் சொன்னேன், மிச்சத்தை இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். வாசிக்கத் தெரியுமென்றால்.

படம் போட்டவரே, முதலில் அந்த மஞ்சள் முகத்தை எடுத்துவிடும். பிறகு ஒரு நாள் மார்க்கத்துக்கு வாரும். உங்களில் யார் வந்தாலும் கிணத்தடிக் கத்தரி விதை தருவேன், கை நிறையத் தருவேன். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட துண்டு என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதைக் கேட்காதீர்கள்.